சுலபமும் ஹவெலும்

சுலபம் என்ற சொல்லைப் பிரித்தால் சு, லபம் என்று இரண்டு துண்டு கிடைக்கும். லபம் என்றால் கிடைப்பது. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் ராத்திரி கணக்கு முடிக்கும்போது பார்க்கிற லாபமும் அதே வேர்தான். சு என்றால் ‘நல்ல’ என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் இந்த இடத்தில் அதற்கு ‘எளிதில்’ என்று பொருள். எளிதில் கிடைப்பது சுலபம், எளிதில் கிடைக்காதது துர்லபம்.

இதே அச்சில் வார்த்த ஓர் ஆண் பெயர் வேல்ஸ் நாட்டில் 1,200 ஆண்டுகளுக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. பெயர் ஹவெல். அதையும் இரண்டாகப் பிரிக்கலாம். பின்துண்டு, வெல்ஷ் மொழியில் பார்ப்பதைக் குறிக்கும் ‘க்வெல்’ என்ற வேர். கூட்டுச் சொல்லில் சேரும்போது அதன் முதல் ககரம் கரைந்து ‘வெல்’ ஆகிவிடும். முன்துண்டு ‘ஹ’. அதுதான் நம் ‘சு’வின் வெல்ஷ் உருவம். எளிதில் கண்ணில் படுகிறவன், நூறு பேர் நடுவிலும் தனியாகத் தெரிகிறவன் என்பது பெயரின் பொருள். சுதர்சன் என்ற பெயரும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறது.

சு எப்படி ஹ ஆனது என்று கேட்டால், சொல்லின் முதலில் வரும் சகரம் வெல்ஷ் மொழியில் பல இடங்களில் ஹகரமாகத் தேய்ந்துவிட்டது. லத்தீனில் உப்புக்கு ‘சல்’, வெல்ஷில் ‘ஹலென்’. சனாதனம் என்ற சொல்லில் இருக்கிற ‘சன’, அதாவது பழைய, வெல்ஷில் ‘ஹென்’. சிந்து என்ற ஆற்றுப் பெயர் பாரசீகர் வாயில் ஹிந்து ஆனதும் இதே வகை மாற்றம்தான், நடந்த இடம் மட்டும் வேறு. எல்லாச் சொல்லிலும் இது நடக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏழு என்ற எண்ணுக்கு வெல்ஷில் ‘சைத்’. சப்தம் என்பதன் உறவுச் சொல் அது, அங்கே சகரம் அப்படியே நிற்கிறது.

பெயரின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் பழகவேண்டியது, ஒரே மாதிரி தெரிவதையெல்லாம் ஒன்று என்று நம்பாமல் இருப்பது. அதற்குச் சேலத்துக்காரர்களுக்கு நம் ஊர்க் கோயிலிலேயே நல்ல பயிற்சி இருக்கிறது. சுகவனேஸ்வரர் என்ற பெயரின் தொடக்கத்தில் இருக்கும் ‘சு’ நாம் பேசிக்கொண்டிருக்கும் ‘சு’ அல்ல. அங்கே சுகம் என்றால் கிளி. கிளி வனத்து ஈசுவரன் என்பது பொருள். சமஸ்கிருத எழுத்தில் அந்தச் சகரமே வேறு. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ‘சு’ போடுவதால் குழப்பம் வருகிறது. அதே கோயிலில் அம்மன் பெயர் ஸ்வர்ணாம்பிகை. இங்கே கண்ணுக்குச் சு தெரியவில்லை, ஆனால் இருக்கிறது: சு, வர்ணம், நல்ல நிறம், அதனால் பொன். சுவர்ணம் சுருங்கி ஸ்வர்ணம். சுவாமி பெயரில் தெரிகிற சு வேறு சொல்லின் பகுதி, அம்மன் பெயரில் மறைந்திருக்கிற சுதான் ஹவெலின் உறவு.

இந்தப் பயிற்சி இல்லாததால்தான் ஹவெல் என்ற பெயரைக் கேட்டதும் ‘வெல்’ என்ற தமிழ் வினையைப் பிடித்துக்கொண்டு ‘வெல்பவன்’ என்று பொருள் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. அந்த ‘வெல்’ பார்ப்பதைக் குறிப்பது, வெல்வதை அல்ல. இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேல்ஸ் மக்கள் தங்களைக் ‘கம்ரி’ என்று சொல்லிக்கொள்கிறார்கள், ஆகவே அது குமரி, ஆகவே அவர்கள் குமரிக்கண்டத்தார் என்பது. கம்ரி என்பது ‘கொம்ப்ரொகி’ என்ற பழைய உருவத்திலிருந்து வந்தது. கொம் என்றால் சேர்ந்த, ப்ரொக் என்றால் நாடு, எல்லை. ஒரே நாட்டார், நம்மவர் என்று பொருள். தமிழ் திராவிட மொழி. வெல்ஷ், சமஸ்கிருதம், லத்தீன் மூன்றும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பம். நமக்கும் ஹவெலுக்கும் நடுவில் இருக்கும் பாலம் நாம் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிய சொற்கள் மட்டுமே. அந்தப் பாலம் உண்மையானது, போதுமானது. அதற்கு மேல் இல்லாத உறவைக் கட்டினால் பெயரின் உண்மையான வரலாறு கைநழுவிப் போய்விடும்.

உச்சரிப்புக்கு வருவோம். ஆங்கில எழுத்தில் எச், ஒய், டபிள்யூ, இ, எல் என்று எழுதுவார்கள். ஒய்யைப் பார்த்ததும் ஹைவெல் என்று படிக்கத் தோன்றும். கூடாது. வெல்ஷில் அந்த இடத்து ஒய், அகரமும் எகரமும் கலந்த, வாயை முழுதாகத் திறக்காமல் வருகிற சின்ன ஒலி. அழுத்தம் முதல் அசையில். தமிழில் ஹவெல் என்று எழுதுவதே கிட்டத்தில் வரும். ஆங்கிலேயர் காதில் அந்த மங்கலான உயிர், பின்னால் வரும் வகரத்தோடு சேர்ந்து ஒகரமாக விழுந்தது. அதனால் ஹொவெல் ஆக்கினார்கள். நம் சேர்வராயன் மலை அவர்கள் காதில் ஷெவராய் ஆனதும் இப்படித்தான்: அவர்கள் வாய்க்கு வந்த ஒலி தாளில் ஏறியது, தாளில் ஏறியது நிலைத்துவிட்டது. தமிழில் ஹவெல்ஸ் என்று தேடினால் மின்விசிறியும் ஒயரும்தான் வந்து நிற்கும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். அந்த நிறுவனப் பெயர் ஹவேலி ராம் என்ற பெயரிலிருந்து வந்தது. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இந்தப் பெயர் தாங்கியவர்களில் பெரும்புகழ் பெற்றவர் 10ஆம் நூற்றாண்டு வெல்ஷ் அரசர் ஹவெல் தா. ‘தா’ என்பது நல்லவன் என்ற அடைமொழி. தனியே சொன்னால் ‘டா’ என்பதற்குப் பக்கத்தில் வரும். பெயருக்குப் பின்னால் வந்தால் மென்மையாகி, ‘அது’ என்று சொல்லும்போது நம் நாக்கில் வருகிற தகரம் ஆகிவிடும். ‘தம்பி’யில் இருக்கும் தகரத்தையும் ‘அது’வில் இருக்கும் தகரத்தையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். முதலாவது நாக்கு பல்லில் முட்டி வெடிக்கிறது, இரண்டாவது உரசிக்கொண்டு போகிறது. நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டுவிட்டு இடத்தைப் பார்த்து வாசிக்கிறோம். இன்றைய வெல்ஷ் எழுத்து அந்த மாற்றத்தை எழுதியே காட்டுகிறது. வெல்ஷில் சொல்லின் முதலெழுத்து மாறுவதைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். அதன் பிறப்பிடம் இதுதான்: இரண்டு உயிருக்கு நடுவில் மாட்டிய மெய் தளர்வது. தமிழ் பேசுகிறவர் வாய் நாள் முழுக்க அதைச் செய்துகொண்டிருக்கிறது.

பழைய வெல்ஷ் எழுத்து இன்னும் நமக்கு நெருக்கம். ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டு வரை, சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற ‘ப’, ‘ட’, ‘க’ ஆகியவற்றின் மெல்லிய ஒலிகளை அவர்கள் தனி எழுத்தில் எழுதவில்லை. வல்லின எழுத்தையே போட்டார்கள், வாசிக்கிறவர் மெலித்துக்கொள்ளவேண்டும். ‘தம்பி’ என்று எழுதி நடுப் பகரத்தை மெலித்துப் படிக்கிற நமக்கு இதில் கஷ்டமே இல்லை. மகன் என்பதற்கு அவர்கள் எழுதியது எம், ஏ, பி, அதாவது ‘மப்’. அந்தக் கடைசி எழுத்து ‘அப்பா’வின் பகரத்துக்கு உரிய பி. வாசித்ததோ ‘தம்பி’யின் பகரமாக. கடெல் என்ற பெயரை ‘பட்டு’வின் டகரத்துக்கு உரிய டி போட்டு எழுதினார்கள், ‘கடல்’ என்பதில் நாம் ட-வை எப்படிச் சொல்கிறோமோ அப்படிச் சொன்னார்கள். ஆங்கிலம் வழியாக மட்டும் வருகிறவர் எழுத்தைப் பார்த்துக் காட்டெல் என்று வாசித்துத் தடுமாறுவார்.

பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 3859 என்ற எண்ணுள்ள சுவடி இருக்கிறது. எழுதப்பட்டது ஏறக்குறைய 1100இல். உள்ளே இருக்கும் வம்சாவளி 10ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. அதன் முதல் வம்சம் இப்படித் தொடங்குகிறது: ‘...உவென் மப் இகுவெல் மப் கடெல் மப் ரோட்ரி மப் மெர்மின்’. முதல் பெயர் ஓவைன். ஆனால் அதன் முதலெழுத்து ஓ சுவடியில் இல்லை. அலங்காரமாகப் பெரிய எழுத்து போடுவதற்கு இடம் விட்டுவிட்டு, பிறகு யாரும் போடாமலே விட்டுவிட்டார்கள். அடுத்த பெயர் இகுவெல், அதுதான் ஹவெல். முன்னால் ஹ இல்லை. நடுவில் ஜி, யூ என்று இரண்டு எழுத்து நிற்கிறது. அவை சேர்ந்து வகர ஒலி. வேரில் இருந்த ககரம் பேச்சில் கரைந்த பிறகும் எழுத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் ‘வருகிறது’ என்று எழுதிவிட்டு ‘வருது’ என்று பேசுகிற மாதிரி.

ஆக ஒரே பெயர் ஹிகுவெல், இகுவெல், ஹொவெல், ஹௌவெல்ட், ஹொவேல், ஹவெல் என்றெல்லாம் வரும். பொருளடக்கத்தில் எச் வரிசையை மட்டும் புரட்டினால் ஐ வரிசையில் இருப்பவர் தப்பிவிடுவார். பழைய ஆங்கிலக் கையெழுத்தில் இன்னொரு பள்ளம். வகர ஒலிக்கு அவர்கள் வைத்திருந்த ‘வின்’ என்ற எழுத்து பார்வைக்கு ‘அப்பா’வின் பி போலவே இருக்கும். அதைத் தெரியாமல் படித்தால் ஹொவெல் ஹோபெல் ஆகிவிடும்.

அதே சுவடியில் ஆண்டுக் குறிப்புகளும் உண்டு. அங்கே 825, 950 என்று எண்கள் இருக்கும் என்று நினைத்துவிடக்கூடாது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ‘ஆண்டு’ என்பதன் லத்தீன் சுருக்கம் மட்டும், பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஓர் எண். நிகழ்ச்சி ஒன்றும் இல்லாத ஆண்டுக்கும் வெறும் ‘ஆண்டு’ என்று எழுதி விட்டிருப்பார்கள். படி எடுக்கிறவர் ஒரு வெற்று ஆண்டைத் தவறவிட்டால், அல்லது கூடுதலாக ஒன்று எழுதிவிட்டால், கீழே எல்லாமே நகர்ந்துவிடும். தருமபுரிப் பக்கத்து நடுகற்களில் ‘கோவிசைய’ என்று தொடங்கி மன்னன் பெயரும் ‘யாண்டு’ இத்தனையாவது என்றும் மட்டும் இருக்கும். அந்த மன்னன் எந்த ஆண்டு பட்டத்துக்கு வந்தான் என்பதை வேறிடத்தில் தேடித்தான் கூட்டிப்போட வேண்டும். இங்கேயும் அதே வேலைதான். ஹவெல் தா இறந்த ஆண்டு ஒரு புத்தகத்தில் 949, இன்னொன்றில் 950 என்று இருப்பது அச்சுப் பிழை அல்ல.

இப்போது பெயர் தாங்கியவர்கள். நமக்கு நன்றாகத் தெரியவருகிற முதல் ஹவெல் வடக்கே குவினெத் நாட்டு அரசர். 813 முதல் ஆங்கில்சி தீவுக்காகக் கினன் என்பவரோடு போரிட்டார், 816இல் கினன் இறந்தபின் ஆண்டார், 825இல் இறந்தார். ஆண்டுக் குறிப்பில் தந்தை பெயர் இல்லை. அதனால் பிற்காலத்தார் சிலர் ரோட்ரி என்பவரின் மகன் என்றார்கள் (மேலே வம்சாவளியில் வந்த ரோட்ரி அல்ல, அவருக்கு முந்தியவர்), கினனுக்கு உடன்பிறந்தவர் ஆக்கினார்கள். ஆனால் வம்சாவளியில் காரடோக்கின் மகன் ஹவெல் என்று ஒருவர் இருக்கிறார், அவர்தான் இவர் என்பது வேறொரு கட்சி. தந்தை பெயர் ஒன்று விடுபட்டதால் அண்ணன் தம்பிச் சண்டையா பங்காளிச் சண்டையா என்பதே மாறிப்போகிறது.

அடுத்தவரை நிறுத்திப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அவருக்குக் கல் இருக்கிறது. தென்கிழக்கு வேல்ஸில் லான்ட்விட் மேஜர் என்ற ஊரில் புனித இல்டிட் ஆலயத்துக்குள் வட்டத் தலை வைத்த கற்சிலுவை ஒன்று நிற்கிறது. உடம்பு முழுக்கப் பின்னல் வேலை. கீழே லத்தீனில் சில வரிகள். ‘தந்தையாகிய கடவுளின், பரிசுத்த ஆவியின் பெயரால், தன் தந்தை ரெஸ் ஆன்மாவுக்காக ஹௌவெல்ட் இந்தச் சிலுவையைச் செய்வித்தான்’ என்பது செய்தி. எழுத்து நெருக்கி வெட்டியது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் இல்லை, லத்தீன் இலக்கணம் ஊர் வாய்க்கு ஏற்ப வளைந்திருக்கிறது. ‘ஸ்பிரிடுஸ்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘ஸ்பெரெடுஸ்’. ‘செய்வித்தான்’ என்ற வினையின் இடத்தில் ‘விரைந்தான்’ என்ற பொருள் தரும் எழுத்துக்கூட்டு. ‘தன் தந்தையின்’ என்று காட்டவேண்டிய வேற்றுமை உருபும் சரியாக அமையவில்லை. புள்ளி இல்லாமல், எகர ஏகார வேறுபாடு காட்டாமல் வெட்டிய நம் நடுகல் எழுத்தைப் படித்துப் பழகியவருக்கு இந்தக் கல்லை அணுகுவதில் தயக்கம் இருக்காது. முதலில் வெட்டியிருப்பதை வெட்டியிருக்கிறபடியே எழுதிக்கொள்வது. பிறகு சொல் பிரிப்பது. கடைசியில்தான் திருத்தம். முதலிலேயே திருத்திக்கொண்டு படித்தால் ‘ஸ்பெரெடுஸ்’ காணாமல் போகும்; அன்றைக்கு அந்த ஊரில் இகரம் எப்படி ஒலித்தது என்ற தடயமும் சேர்ந்து போகும்.

இந்த ஹௌவெல்ட் யார்? ஆங்கில மன்னர் ஆல்பிரடின் வரலாற்றை எழுதிய வெல்ஷ் பாதிரியார் அசர், குளுவிசிங் நாட்டு அரசர், ரீஸின் மகன் ஹவெல், மெர்சியா என்ற ஆங்கில நாட்டின் கொடுமை தாங்காமல் ஆல்பிரடின் பாதுகாப்பை நாடியதாகச் சொல்கிறார். லான்ட்விட் இருப்பது அந்தக் குளுவிசிங்கில். கல்லில் தந்தை ரெஸ், புத்தகத்தில் தந்தை ரீஸ். சிற்ப வேலையும் 9ஆம் நூற்றாண்டு. பெயர், தந்தை பெயர், நாடு, காலம் என்று நான்கும் பொருந்துவதால் இருவரும் ஒருவரே என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பெயர் மட்டும் பொருந்தியிருந்தால் இப்படிச் சொல்ல முடியாது.

ஹவெல் தாவுக்கு வருகிறோம். தந்தை கடெல், தாத்தா ரோட்ரி மவுர். ரோட்ரி என்ற பெயரே அழகானது. ‘ரோட்’ என்றால் சக்கரம், ‘ரி’ என்றால் அரசன், நம் ராஜாவின் உறவுச் சொல். சக்கரவர்த்தி என்பதோடு வைத்துப் பாருங்கள். ஹவெல் தென்மேற்கில் டவெட் அரசர் லவார்க்கின் மகள் எலெனை மணந்தார், அந்த நாடும் வந்து சேர்ந்தது. 918இல் தம்பி கிளிடோக்கோடு ஆங்கில மன்னர் எட்வர்டுக்கு அடங்கினார். 928ஐ ஒட்டி ரோமுக்கு யாத்திரை போனார். மன்னர் ஏதெல்ஸ்டன் காலம் தொட்டு ஆங்கில அரசின் நிலப் பட்டயங்களில் சாட்சியாக அவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, ‘சிற்றரசர்’ என்ற பட்டத்தோடு. 942இல் குவினெத் அரசர் இட்வால் போரில் விழுந்ததும் வடக்கையும் எடுத்துக்கொண்டார். செஸ்டரில் கில்லிஸ் என்ற காசு அச்சிடுபவர் ஹவெல் பெயரில் வெட்டிய வெள்ளிப் பென்னி ஒன்றே ஒன்று கிடைத்திருக்கிறது, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் அவர் சிற்றரசர் இல்லை. ‘ஹொவேல் ரெக்ஸ்’, அரசர் ஹவெல். அந்த ரெக்ஸும் ரோட்ரியின் ரி-யும் ராஜாவும் ஒரே வேர்.

நல்லவன் என்ற ‘தா’ அவர் காலத்து ஆவணங்களில் இல்லை, சில தலைமுறை கழித்து ஏறியது. எனவே 10ஆம் நூற்றாண்டு ஆவணத்தில் ‘தா’வைத் தேடுவது வீண்.

பிள்ளைகளுக்கு அவர் வைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. ரோட்ரி, எட்வின், ஓவைன். ரோட்ரி தாத்தா பெயர். எட்வின் சுத்தமான ஆங்கிலப் பெயர். ஆங்கில அரசவையோடு அவருக்கு இருந்த நெருக்கம் தொட்டில் வரை போயிருக்கிறது. ஓவைனின் மகன் ஐனியன், அவர் மகன் மறுபடியும் எட்வின், அவர் மகன் மறுபடியும் ஹவெல். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆனது என்பதை அறிந்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இந்த இரண்டாவது எட்வினின் மகன் ஹவெல் தெற்கே டெஹெய்பார்த் அரசர். 1041இல் பென்கடைரில் லெவெலினின் மகன் கிரிஃபித்திடம் தோற்று மனைவியையும் பறிகொடுத்தார். 1044இல் டவி ஆற்று முகத்தில் கொல்லப்பட்டார். ஹவெல் தாவின் பெயரையும் எட்வின் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், எட்வினின் தந்தை ஹவெலும் எட்வினின் மகன் ஹவெலும் கலந்துவிடுவார்கள். நடுவில் ஏறக்குறைய நூறு ஆண்டு.

985இல் இறந்த இயவாவின் மகன் ஹவெல் குவினெத்தில் தந்தையின் உடன்பிறந்தவரோடும் அவர் மகனோடும் போரிட்டவர். பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனி பக்கம் இதே பெயர் ஹோயல் என்று வழங்கியது. அங்கே கோமகன்கள் அந்தப் பெயரில் உண்டு. 1170இல் இறந்த ஓவைன் குவினெத்தின் மகன் ஹவெல்தான் இந்த வரிசையில் மனத்துக்கு மிக நெருக்கமானவர். போர்வீரர், கவிஞர், எட்டுப் பாடல்கள் அவர் பெயரில் கிடைக்கின்றன. நாட்டின் கடலையும் மலையையும் பெண்களையும் நேரே பேர் சொல்லிப் புகழ்ந்தவர். தாய் அயர்லாந்துப் பெண். தந்தை இறந்த அதே ஆண்டில், ஆங்கில்சியில் பென்ட்ரைத் அருகே, மாற்றாந்தாய் மக்களின் படையிடம் உயிர்விட்டார். அவருடைய தந்தைக்கு ஓவைன் குவினெத் என்று ஏன் பெயர்? கிரிஃபித்தின் மகன் ஓவைன் என்று அதே காலத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். தந்தை பெயரும் ஒன்றாகிப் போனதால் ஒருவரை ஓவைன் குவினெத், மற்றவரை ஓவைன் கவெய்லியாக் என்று ஊர்ப் பெயரால் பிரித்தார்கள். ஒரே இனிஷியலில் இரண்டு பேர் இருந்தால் நம் பக்கம் சேலத்தையோ ஆத்தூரையோ முன்னால் சேர்க்கிறோமே, அதே தேவை, அதே தீர்வு.

மப், மப் என்று அடுக்குவது வெறும் பெருமைக்காக அல்ல. ஹவெலின் சட்டம் என்று பெயர் பெற்ற வெல்ஷ் சட்டத்தில் நிலம் தந்தை இறந்ததும் ஆண்மக்களுக்குச் சமமாகப் பிரியும். அதோடு முடியாது. அந்தச் சகோதரர்கள் எல்லாரும் இறந்தபின் அவர்கள் பிள்ளைகள் தாத்தா சொத்தை மறுபடி சமமாகப் பிரித்துக்கொள்ளக் கேட்கலாம். அடுத்த தலைமுறை கொள்ளுத்தாத்தா சொத்தை வைத்து இன்னொரு முறை கேட்கலாம். ஆகவே கொள்ளுத்தாத்தா வரை பேர் சொல்லத் தெரியாதவன் நிலத்தை இழப்பான். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டவர்களுக்கு இது புரியும். அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஆறு பேரை விட்லண்ட் என்ற ஊருக்கு அழைத்து ஹவெல் தா தொகுத்ததாகச் சட்ட நூல்களின் முன்னுரை சொல்கிறது. நம் கையில் இருக்கும் சுவடிகள் எதுவும் 13ஆம் நூற்றாண்டுக்கு முந்தியவை அல்ல. எனவே ஒவ்வொரு விதியையும் அவர் வாயில் வைப்பது சரியாகாது. வம்சாவளியில் பெண் வழியும் வரும். மேலே சொன்ன ஹார்லி வம்சத்தில் மெர்மினுக்கு அடுத்து ‘கினன் மகள் எத்தில்’ நிற்கிறார். அரசுரிமை அவர் வழியாக வந்தது என்பதால் அங்கே தந்தை பெயரைத் தள்ளிவிட்டுத் தாய் பெயரை ஏற்றியிருக்கிறார்கள்.

‘மப்’ பேச்சில் முதலெழுத்து தளர்ந்து ‘வப்’ ஆகி, பிறகு அதுவும் உதிர்ந்து ‘அப்’ ஆனது. மெய்யெழுத்துக்கு முன் அழுத்தமான அப், உயிரெழுத்துக்கு முன் மெலிந்த அப். நம் பக்கத்திலும் மகன் என்ற சொல் இப்படிக் கரைந்திருக்கிறது. சேரர் மகன் சேரமான். தகடூர் அதியர் மகன் அதியமான். தகடூர் என்பது 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரி. அசோகர் கல்வெட்டு இந்த மரபைச் சதியபுத என்கிறது. புத என்பது புத்ர, மகன். 1981இல் வெளிப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் சதியபுதோவும் அதியன் நெடுமான் அஞ்சியும் ஒரே வரியில் வந்து, ‘மான்’ மகன்தான் என்பதற்குக் கல்லே சாட்சி ஆனது.

1536க்குப் பிறகு வேல்ஸ் ஆங்கிலச் சட்டத்துக்குள் வந்தது. நீதிமன்ற எழுத்தருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டும். பாஸ்போர்ட் படிவத்தில் சர்நேம் கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று நம்மவர்கள் நிற்கிற அதே நிலை. அப் ஹவெல் என்பதில் அகரம் உதிர்ந்து, பகரம் அடுத்த பெயரில் ஒட்டிப் பவல் ஆனது. அப் ரீஸ் பிரைஸ். அப் ஹிவ் பியூ. உயிருக்கு முன் மெலிந்த பகரம் என்பதால் அப் ஓவைன் போவன், அப் யெவன் பெவன். ‘அப்’ இல்லாமல் நின்றது ஹவெல், ஆங்கில உடைமை உருபு ஏறியது ஹவெல்ஸ். பெருங்குடிகள் முதலில் மாறினார்கள். மலைப்பகுதிகளில் தலைமுறைக்குத் தலைமுறை தந்தை பெயர் மாறும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. ஆகவே 1600க்கு முந்திய ஆவணத்தில் ‘ஜான் அப் ஹவெல்’ என்று பார்த்தால் அவர் பவல் குடும்பத்தவர் என்று எழுதிவிடக்கூடாது. அவர் ஹவெல் என்பவரின் மகன், அவ்வளவே. அவர் பிள்ளைகள் அப் ஜான் ஆகியிருக்கலாம்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டக் காலத்துக் கல்லறைகளில் பவல், பிரைஸ், போவன் என்று எந்தப் பெயர் கண்ணில் பட்டாலும், அந்தப் பெயர் பெரும்பாலும் வேல்ஸிலிருந்து கிளம்பியது என்று சொல்லலாம்; கல்லுக்குக் கீழே இருப்பவர் வேல்ஸ்காரர் என்று சொல்ல முடியாது. நானூறு ஆண்டுகளில் பெயர் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. ஹவெல் என்ற குடும்பப் பெயரில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நார்மன் படையெடுப்பு நடந்த 1066க்குப் பின் கிழக்கு இங்கிலாந்தில் குடியேறிய பிரிட்டனிக்காரர்களின் ஹோயலும் அங்கே ஹவெல் ஆனது. லிங்கன்ஷையரில் ஹவெல் என்று ஓர் ஊரே இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரும் குடும்பப் பெயராயிற்று. கல்லில் பிறந்த ஊர் வெட்டியிருந்தால் அதைத்தான் முதலில் குறித்துக்கொள்ளவேண்டும். இன்னொன்று: வேல்ஸ் ஆவணங்களில் சேலம் என்ற சொல் வந்தால் நம் ஊர் என்று பாய்ந்துவிடாதீர்கள். பைபிளிலிருந்து எடுத்து அங்கே பல சிற்றாலயங்களுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

சாரணர் இயக்கத்தால் நம் பள்ளிகள் எல்லாவற்றிலும் தெரிந்த பேடன் பவலின் பெயரிலும் ஹவெல் இருக்கிறார். குடும்பப் பெயர் பவல். பேடன் என்பது அவருடைய தந்தையின் சொந்தப் பெயர். தந்தை 1860இல் இறந்தார், 1869இல் தாய் அதைக் குடும்பப் பெயரின் முன்னால் சேர்த்தார். ஹவெல் மகன் என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த பெயருக்கு முன்னால் இன்னொரு தந்தையின் பெயர் வந்து நின்றது. அவர் பிறந்தது 1857 என்பதால் பிறப்புக் காலத்துப் பதிவுகளைத் தேடுகிறவர்கள் பேடன் என்ற வரிசையில் தேடக்கூடாது, பவல் வரிசையில் தேடவேண்டும்.